ஆறு ஸ்லைடுஷோவுக்கு ஒரே டைமர் போதும்

ஒரு வெப்சைட் பக்கத்துல ஒரே ஒரு ஸ்லைடுஷோ இருந்தா அதுல பெரிய வேலை ஒண்ணும் இல்ல, அஞ்சு செகண்டுக்கு ஒருக்க படம் மாறும், பாக்குதவங்க பாத்துட்டு கீழ போயிருவாங்க. அதே பக்கத்துல ஆறு வச்சியன்னா விஷயமே வேற. ஆறும் ஒண்ணா மாறுச்சுன்னா பக்கமே ஒரு குலுக்கு குலுக்கும். ஊர்ல அம்மன் கோயில் கொடைக்கு சீரியல் செட் போடுவாவல்லா, அதுல எல்லா பல்பும் மொத்தமா அணைஞ்சு மொத்தமா எரியுத மாதிரி ஒரு ஓட்டம் வரும், அதை ரெண்டு நிமிசம் சேந்தாப்ல பாத்துக்கிட்டு நிக்க முடியாது, அதே கதைதான். அதனால எல்லாரும் சொல்லுத வழி "ரேண்டமா மாத்து"ங்கது. சரிதான், ஆனா எதை ரேண்டம் ஆக்கணும், எவ்வளவு ரேண்டம் ஆக்கணும்ங்கதுலதான் மொத்த வேலையும் இருக்கு.

என் முடிவை முன்னாடியே சொல்லிருதேன். ஆறு ஸ்லைடுஷோவுக்கு ஆறு டைமர் வேண்டாம், ஒரே டைமர் போதும். நேரத்தை கொஞ்சமா ரேண்டம் ஆக்குங்க, எந்தக் கட்டம் (ஒரு ஸ்லைடுஷோ ஓடுத பெட்டியைத்தான் கட்டம்ங்கேன்) மாறணும்ங்கதை நல்லாவே ரேண்டம் ஆக்குங்க. ஏன்னு விலாவாரியா சொல்லுதேன்.

பத்தமடையில பாய் நெய்யுத ஒரு குடும்பத்துக்கு வெப்சைட் செஞ்சு குடுக்கேன். பத்தமடை தெரியாதவங்களுக்கு, திருநெல்வேலியில இருந்து அம்பாசமுத்திரம் போற ரோட்ல சேரன்மாதேவிக்கு முன்னாடி வருத ஊரு. தாமிரபரணிக் கரையில விளையுத கோரையை அறுத்து, காயவச்சு, ஓடுத தண்ணியில நாள்கணக்குல ஊறப்போட்டு, மெல்லிசா கீறி, சாயம் ஏத்தி, பருத்தி நூல் பாவுல (நீளவாக்குல இழுத்துக் கட்டுன நூல்) தரையோட தரையா கிடக்குத தறியில ஒவ்வொரு கோரையா குடுத்து நெய்வாவ. பட்டுப்பாய்க்கு கோரையை இன்னும் மெல்லிசா கீறணும், அதைக் கையில எடுத்துப் பாத்தா பாய்னே தோணாது. இந்த வேலையில உள்ள ஆறு படியையும் முகப்புப் பக்கத்துல ஆறு கட்டமா போட்டு, ஒவ்வொண்ணுலயும் எட்டு படம் சுத்தி வரணும். அந்த வீட்டு அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, கோரையில இருந்து பாய் வரைக்கும் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கணும், ஆனா பாக்குதவனை அவசரப்படுத்தக் கூடாது." அந்த ரெண்டாவது பாதிதான் கஷ்டமான பாதி.

மொதல்ல, நெறைய பேரு எழுதுத முறையைப் பாப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு செட்இன்டர்வல் (குடுத்த நேரத்துக்கு ஒருக்க ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுத டைமர், பக்கத்தை அசைய வைக்குத ஜாவாஸ்கிரிப்ட் மொழியில உள்ளது), அதுக்குள்ள நேரம் குடுக்குத இடத்துல மேத்.ரேண்டம், அதாவது ரேண்டமா ஒரு எண்ணைத் தருதது. பாக்க சரியா தெரியும். ஆனா செட்இன்டர்வல்ல நேரத்தை நீங்க ஒரே ஒருக்கதான் குடுக்கிய, அந்த நொடியில மேத்.ரேண்டம் ஒரு எண்ணைத் தரும், அதோட அது வேலை முடிஞ்சு போச்சு. மொதல் கட்டத்துக்கு 5.3 செகண்டு விழுந்துச்சுன்னா சாகுத வரைக்கும் 5.3தான், ரெண்டாவதுக்கு 7.1 விழுந்துச்சுன்னா அது 7.1தான். ஆறும் வேற வேற வேகத்துல ஓடும், அவ்வளவுதான், ரேண்டமா ஓடாது. கொஞ்ச நேரம் உத்துப் பாத்தியன்னா ஒவ்வொண்ணோட தாளமும் மண்டைக்குள்ள ஏறிரும்.

ரேண்டமே இல்லாம பகா எண்களை வச்சு செய்யுதவங்களும் உண்டு, 7 செகண்டு, 11 செகண்டு, 13 செகண்டுன்னு. மூணும் ஒண்ணா சேரணும்னா 1001 செகண்டு ஆகணும், அதாவது பதினாறே முக்கால் நிமிசம் கிட்ட, அவ்வளவு நேரம் ஒருத்தரும் முகப்புப் பக்கத்துல இருக்கப் போறதில்ல. நல்ல யோசனைதான், ஆனா ரெண்டு ரெண்டா சேருததை அது தடுக்காது, 7ம் 11ம் 77 செகண்டுக்கு ஒருக்க ஒண்ணா விழுந்துதான் ஆகணும். கட்டம் கூடக் கூட இந்த ஜோடி சேருதது கூடிக்கிட்டே போகும்.

ரெண்டாவது முறை செட்டைம்அவுட்ங்க டைமர். இது ஒருக்க மட்டும் ஓடும், ஓடி முடிச்சதும் அதே ஃபங்ஷன் (அந்த வேலையைச் செய்யுத நிரல் துண்டு) தனக்குத்தானே அடுத்த செட்டைம்அவுட்டைப் போட்டுக்கணும், அப்பம் ஒவ்வொரு தடவையும் புது ரேண்டம் நேரம் கிடைக்கும். கணக்கு எளிசு: மேத்.ரேண்டம் 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு எண்ணைத் தரும், 0 வரலாம், 1 வராது. 8 செகண்டுல இருந்து 20 செகண்டுக்குள்ள வேணும்னா, அந்த எண்ணை 12,000ஆல பெருக்கி 8,000த்தைக் கூட்டுங்க, மில்லிசெகண்டுல கிடைச்சிரும். லூப்ல (ஒரே வேலையை ஒவ்வொண்ணுக்கா திரும்பச் செய்யுத வரிகள்) ஆறு கட்டத்துக்கும் போடும்போது, எந்தக் கட்டம்னு குறிச்சு வைக்குததை "வார்"ங்க பழைய சொல்லை வச்சு எழுதுனா ஆறு டைமரும் கடைசிக் கட்டத்தையே பிடிச்சு மாத்திக்கிட்டு கிடக்கும், மத்த அஞ்சும் சும்மா நிக்கும், "லெட்"ங்க சொல்லை வச்சு எழுதுங்க, 2015ல வந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புல இருந்தே அது இருக்கு.

இதோட நிறுத்திக்கிடலாம்னுதான் முக்காவாசி பேரு சொல்லுவாவ. இங்கதான் எனக்கு ஒப்புதல் இல்ல, ஏன்னா இதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு, அதை ஒருத்தரும் போட்டுப் பாக்கதில்ல.

ஆறு கட்டம், ஒவ்வொண்ணும் 4 முதல் 9 செகண்டுக்குள்ள தன் இஷ்டத்துக்கு மாறுதுன்னு வைங்க. ஒரு கட்டத்துக்கு சராசரி ஆறரை செகண்டு. ஆறு கட்டம் இருக்கதால பக்கத்துல எங்கயாவது ஒரு இடத்துல செகண்டுக்கு ஒண்ணு கிட்ட மாறிக்கிட்டே இருக்கும். அது மட்டுமா, ஒரு படம் மாறுன ஒரு செகண்டுக்குள்ள வேற ஏதாவது கட்டம் மாற வாய்ப்பு எவ்வளவுன்னு பாத்தா நூத்துக்கு 57 வருது. பாதிக்கு மேல. சரி, நேரத்தை நல்லா கூட்டி 8 முதல் 20ன்னு வச்சாலும் நூத்துக்கு 31. மூணு மாத்தத்துல ஒண்ணு முட்டிக்கிட்டுதான் நடக்கும். ரேண்டம்னா சீரா பரவி வரும்னு நம்ம நெனைக்கோம், உண்மையில அது கொத்துக் கொத்தாதான் வரும், சும்மா கிடக்கும், அப்புறம் ரெண்டு மூணு சேந்து வரும்.

கண்ணுக்கு என்ன நடக்குதுன்னு பக்கத்துல இருந்து பாத்தேன். அண்ணாச்சி வீட்டு லாத்தாகிட்ட (அக்காகிட்ட) லேப்டாப்பைக் குடுத்து, தறிப் படத்தை மட்டும் பாருங்கன்னு சொன்னேன். பாவு நூலுக்கு ஊடால கோரை போகுத படம் அது, கிட்டத்துல எடுத்தது, விரல் நகத்துல சாயம் ஏறுனது கூட தெரியும். லாத்தா கண்ணு அங்க போச்சு, வலது ஓரத்துல சாயக் கட்டம் மாறுச்சு, கண்ணு அங்க தாவிருச்சு, அது என்னன்னு பாக்குததுக்குள்ள மேல கோரைக் கட்டம் மாறுச்சு, திரும்பி தறிக்கு வந்தப்போ அந்தப் படமே போயிருச்சு. "எதையுமே முழுசா பாக்க விட மாட்டேங்குதே"ன்னு லேப்டாப்பை தள்ளி வச்சிட்டாவ. ஓரக்கண்ணுக்கு அசைவுன்னா உடனே திரும்பணும்ங்கது நம்ம உடம்புலயே உள்ளது, அதை அடக்கிக்கிட்டு பாக்கச் சொல்லி யாரையும் கேக்க முடியாது. ஒண்ணு மாறும்போது மத்த அஞ்சும் அசையாம இருக்கணும், மாறி முடிஞ்ச பொறவும் பாக்க ஒரு அவகாசம் இருக்கணும், இதான் உண்மையான தேவை. ஆறு டைமர் தனித்தனியா ஓடும்போது ஒண்ணு என்ன செய்யுதுன்னு இன்னொண்ணுக்கு தெரியாது, அதனால இதை அதுக்குள்ள கொண்டு வரவே முடியாது.

ஒரே டைமர் வச்சா தானா வந்துருது. பக்கத்துக்கு ஒரு செட்டைம்அவுட். அது ஓடும்போது ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் மாத்தும், பொறவு ரெண்டரை செகண்டு, கொஞ்சம் முன்னப் பின்ன, காத்திருக்கும், அடுத்த கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். முன்னப் பின்னன்னு சொல்லுதது நூத்துக்கு 25தான், அதாவது 1.9ல இருந்து 3.1 செகண்டுக்குள்ள. தாளம் தெரியாம இருக்க அது போதும். ரெண்டு கட்டம் ஒண்ணா மாறுததுக்கு வாய்ப்பே கிடையாது. ஆறு கட்டத்துக்கு ரெண்டரை செகண்டுன்னா ஒவ்வொரு கட்டமும் சராசரியா 15 செகண்டு நிக்கும்.

இப்பம் எந்தக் கட்டம்ங்கது. பகடை உருட்டுத கணக்கா ஒவ்வொரு தடவையும் ஆறுல ஒண்ணை எடுத்தா, சில கட்டம் அம்போன்னு நின்னுரும். ஒரு குறிப்பிட்ட கட்டம் இருபது தடவையும் சேந்தாப்ல விழாமப் போக வாய்ப்பு நூத்துக்கு 2.6, கேக்கதுக்கு சின்னதா இருக்கும், ஆனா ஆறு கட்டத்துல ஏதாவது ஒண்ணுக்கு அப்பிடி ஆகும்னு பாத்தா நூத்துக்கு 15 கிட்ட வருது. சாயம் ஏத்துத கட்டம் அம்பது செகண்டு அசையாம நின்னா பாக்குதவங்க அது வெறும் போட்டோன்னு நெனைச்சுட்டு போயிருவாங்க.

அதுக்கு ஒரு பை வைங்க. ஆறு கட்டத்தோட எண்ணையும் பைக்குள்ள போட்டு கலைச்சு ஒவ்வொண்ணா எடுங்க, பை காலியானதும் மறுபடி ஆறையும் போட்டு கலைங்க. எல்லாத்துக்கும் முறை வந்துரும், வரிசை மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு சுத்தோட கடைசியும் அடுத்த சுத்தோட மொதலும் ஒரே கட்டமா வந்துரக் கூடாது, அதனால நான் ஒரு கட்டுப்பாடு போட்டேன், போன சுத்துல கடைசி ரெண்டு இடத்துல வந்தது புது சுத்துல மொத ரெண்டு இடத்துல வரக்கூடாது, வந்தா திரும்பக் கலை. டைமர் ஒருக்க ஓடுததை ஒரு டிக்னு வச்சுக்கிடுங்க, இப்பிடி வச்சா ஒரு கட்டம் மாறி குறைஞ்சது மூணு டிக் கழிச்சுதான் மறுபடி மாறும், அதிகமாப் போனா பதினோரு டிக்.

கலைக்குததையும் சரியா கலைக்கணும், இதுல நான் கறாரு. ஒரே வரியில சார்ட்ங்க வரிசைப்படுத்துத ஃபங்ஷனுக்குள்ள மேத்.ரேண்டம் போட்டு கலைக்குத குறுக்கு வழி ஒண்ணு எல்லா இடத்துலயும் கிடக்கு, அது சமமா கலைக்காது. சார்ட்டுங்கது ரெண்டு பொருளை ஒப்பிட்டா எப்பமும் ஒரே பதில் வரும்னு நம்பி ஓடுதது, அதுகிட்ட ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்தி பதில் சொன்னா சில இடத்துக்கு சில பொருள் அதிகமா போய் சேரும். 2010ல ஐரோப்பாவுல விண்டோஸ் வச்சிருக்கவங்களுக்கு மைக்ரோசாப்ட் ஒரு பிரவுசர் தேர்வுத் திரை காட்டுனாங்க, எந்த பிரவுசருக்கும் சலுகை இல்லாம வரிசை ரேண்டமா வரணும்ங்கதுதான் அதோட நோக்கமே, அதுல இந்த சார்ட் முறையைத்தான் போட்டிருந்தாங்க, வரிசை சமமா வரலைன்னு வெளிய தெரிஞ்சு பொறவு மாத்துனாங்க. சரியான முறை ஃபிஷர்-யேட்ஸ். ரொனால்ட் ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ்னு ரெண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1938ல கம்ப்யூட்டர் வருததுக்கு முன்னாடியே காகிதத்துல செய்யுததுக்கு எழுதி வச்சது, 1964ல ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதை கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி ஆக்குனாரு. கடைசி இடத்துல இருந்து ஆரம்பிங்க, அதுவும் அதுக்கு முன்னாடி உள்ளதும் சேத்து அதுல ஒண்ணை ரேண்டமா எடுத்து இடம் மாத்துங்க, ஒரு இடம் முன்னாடி வாங்க, திரும்ப அதே. நாலஞ்சு வரிதான், சோம்பல் பட வேண்டியதே இல்ல.

படம் மாறுத விதம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ரெண்டு படத்தை ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, மேல உள்ளதோட ஒப்பாசிட்டியை (படம் எவ்வளவு ஊடுருவித் தெரியும்ங்க அளவு) சிஎஸ்எஸ் டிரான்சிஷன்ல, அதாவது பக்கத்தோட தோற்றத்தை மெதுவா மாத்துத வசதியில, 1.2 செகண்டுல மாத்துதேன். டிக்கோட குறைஞ்ச நேரம் 1.9 செகண்டுங்கதால ஒரு மாத்தம் முடிஞ்ச பொறவுதான் அடுத்தது தொடங்கும், இந்த ரெண்டு எண்ணையும் எப்பமும் சேத்தே பாத்துக்கிடுங்க. அகலம், உயரத்தை ஜாவாஸ்கிரிப்ட்ல அசைச்சா பிரவுசர் பக்கம் முழுசையும் மறுபடி அளந்து அடுக்கணும், பழைய போன்ல தெணறும், ஒப்பாசிட்டிக்கு அந்த வேலை இல்ல. கட்டத்துக்கு ஆஸ்பெக்ட்-ரேஷியோ (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) குடுத்திருங்க, இல்லைன்னா நெட்டுக்குத்தா எடுத்த படம் வரும்போது கீழ உள்ள எழுத்தெல்லாம் ஏறி இறங்கும்.

ஆறு கட்டத்துக்கு எட்டு படம்னா மொத்தம் 48. எல்லாத்தையும் மொதல்லயே இறக்குனா ஊர்ப்பக்கத்து நெட்ல பக்கம் தெறக்கவே பொழுது போயிரும். மொதல்ல ஆறு படம் மட்டும். ஒரு கட்டத்துல ஒரு படம் வந்து நின்னதும் அந்தக் கட்டத்தோட அடுத்த படத்தை பின்னால இறக்க ஆரம்பிக்கணும், டிகோட்னு ஒரு மெத்தட் இருக்கு, படம் இறங்கி விரிச்சு காட்டுததுக்கு தயாரானதும் அது சொல்லும். டிக் வரும்போது பையில இருந்து வந்த கட்டத்துக்கு படம் தயாரா இல்லைன்னா அதை பைக்குள்ள பின்னால தள்ளிட்டு அடுத்ததை எடுங்க. பாதி படம் மேல இருந்து கீழ கோடு கோடா இறங்குத காட்சி வரவே வராது. ஆறு டைமர் முறையில இதைச் செய்யணும்னா ஒவ்வொண்ணுக்கும் தனியா காத்திருக்க வைக்கணும், காத்திருந்ததெல்லாம் நெட் வந்ததும் ஒரே நேரத்துல மாறும்.

போன்ல பாக்கும்போது கதை மாறும், இதை நெறைய பேரு யோசிக்கதில்ல. லேப்டாப்ல ஆறு கட்டமும் ஒண்ணா தெரியும், போன்ல ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கி ஒரு நேரத்துல ஒண்ணோ ரெண்டோதான் தெரியும். தெரியாத கட்டத்தை மாத்தி பேட்டரியைக் கரைக்கதுல அர்த்தமில்ல, இன்டர்செக்ஷன் அப்சர்வர் (எது திரையில தெரியுதுன்னு சொல்லுத பிரவுசர் வசதி) வச்சு கண்ணுல படுத கட்டத்தை மட்டும் பைக்குள்ள போடுங்க. ஆனா அதோட விட்டுட்டா ஒரே கட்டம் மட்டும் தெரியும்போது ரெண்டரை செகண்டுக்கு ஒருக்க அதே மாறிக்கிட்டு கிடக்கும், அவசரப்படுத்தக் கூடாதுன்னு சொன்ன அண்ணாச்சிக்கு நேர் எதிரா. அதனால டிக் நேரத்தை நிலையா வைக்காதிய. ஒரு கட்டம் 15 செகண்டு நிக்கணும்ங்கதுதான் நிலையான எண், அதை எத்தனை கட்டம் தெரியுதோ அத்தனையால வகுங்க. ஆறு தெரிஞ்சா ரெண்டரை, ரெண்டு தெரிஞ்சா ஏழரை, ஒண்ணு தெரிஞ்சா பதினஞ்சு. நாலுக்கு கீழ போனா அந்த கடைசி ரெண்டு, மொத ரெண்டு கட்டுப்பாட்டை தளத்திருங்க, இல்லைன்னா எப்பிடிக் கலைச்சாலும் ஒத்து வராம பிரவுசர் சுத்திக்கிட்டே நின்னுரும்.

வேற டேப்புக்கு போயிட்டு வருதவங்க விஷயமும் இருக்கு. மறைஞ்சிருக்க டேப்ல டைமரை பிரவுசரே செகண்டுக்கு ஒண்ணுன்னு குறைச்சிரும், 2021ல வந்த குரோம் 88ல இருந்து, அஞ்சு நிமிசத்துக்கு மேல மறைஞ்சு கிடந்தா தன்னைத்தானே கூப்பிடுத டைமரை நிமிசத்துக்கு ஒருக்கதான் விடும். பழைய ஜேக்வெரி (ஜாவாஸ்கிரிப்ட் எழுதுததை எளிசாக்குத நிரல் தொகுப்பு) 1.6ல ஒரு கோளாறு உண்டு, டேப் மறைஞ்சிருக்கும்போது அனிமேஷன் நின்னுரும், செட்இன்டர்வல் மட்டும் வரிசையில சேத்துக்கிட்டே இருக்கும், திரும்பி வந்ததும் சேந்ததெல்லாம் படபடன்னு ஓடும், அதனாலயே 1.6.3ல அந்த அனிமேஷன் முறையை எடுத்துட்டாவ. ஒரே டைமர்னா இதுக்கு ரெண்டு வரி போதும். டேப் மறைஞ்சுட்டுன்னு பிரவுசர்கிட்ட இருந்து விசிபிலிட்டிசேஞ்ச்ங்க சேதி வந்ததும் டைமரை நிறுத்து, திரும்பி வந்ததும் ஒரு முழு டிக் காத்திருந்து ஆரம்பி. உடனே மாத்தாதிய, விட்டுட்டு போன படம் விட்ட இடத்துலயே இருக்கணும்.

நிறுத்துததுக்கு ஒரு பட்டன் கண்டிப்பா வேணும். தானா ஆரம்பிச்சு அஞ்சு செகண்டுக்கு மேல அசையுத எதுக்கும் நிறுத்துத வழி இருக்கணும்னு வெப் அணுகல் விதிகள்ல, டபிள்யூசிஏஜி 2.2.2ல இருக்கு. விதிக்காக மட்டும் சொல்லல, கண்ணு முன்னாடி அசைஞ்சா தலை சுத்துதவங்க இருக்காங்க, எழுத்துக் கூட்டி மெதுவா வாசிக்கவங்க இருக்காங்க, அவங்களுக்கும்தான் பாய் விக்கணும். போன் செட்டிங்ல அசைவைக் குறைன்னு வச்சிருந்தா பிரிஃபர்ஸ்-ரெடியூஸ்டு-மோஷன்ல தெரிஞ்சிரும், அவங்களுக்கு டைமரே ஓட வேண்டாம், படத்தைத் தொட்டா அடுத்தது வரட்டும். மத்தவங்களுக்கும் ஒரு கட்டத்தை விரலால தொட்டா அந்தக் கட்டம் மட்டும் பையில இருந்து வெளிய வந்துரும், விட்டதும் உள்ள போயிரும்.

லாத்தாகிட்ட இந்த முறையைக் காட்டுனப்போ தறிக் கட்டத்துல எட்டு படத்தையும் ஒண்ணு விடாம பாத்தாவ, மூணாவது படத்துல பாவு தளந்து கிடக்குன்னு சொல்லி அதை மாத்தச் சொன்னாவ. நல்லா பாத்ததாலதான் அது கண்ணுல பட்டுது.

இனி மிச்சம் இருக்கது கல்யாணப்பாய் கட்டம். பாய்லயே மாப்பிள்ளை, பொண்ணு பேரை நெய்து குடுப்பாவல்லா, அந்தப் படத்துல எழுத்தை வாசிக்கணும், 15 செகண்டு பத்தாது, அதனால அந்தக் கட்டத்தை ரெண்டு சுத்துக்கு ஒருக்கதான் பைக்குள்ள போடணும்னு வச்சிருக்கேன். அடுத்த வாரம் அண்ணாச்சி புதுப் படம் எடுத்துத் தாரேன்னு சொல்லியிருக்காவ, சொந்தக்காரங்ககிட்ட சம்மதம் கேட்ட பொறவுதான் பேரு தெரியுத படத்தை ஏத்துவோம்.